பெரிய இன நாய்க்குட்டிக்குக் குரூமிங் கட்டணம் வைப்பது எப்படி?

கேள்வி: காரைக்குடி, செக்காலை சாலையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் வாடகை அறை ஒன்றில் நாய்களைக் குளிப்பாட்டி, மயிர் சீர்செய்து, நகம் வெட்டி, காது துடைத்து அனுப்பும் வேலையைச் செய்து வருகிறேன். சிறிய இனங்களுக்கு 600 ரூபாய், வளர்ந்த பெரிய இனங்களுக்கு 1,200 ரூபாய், எந்த இனமானாலும் குட்டிக்கு 500 ரூபாய் என்று கடை திறந்தபோதே பலகையில் எழுதிவிட்டேன். இந்தக் கடைசி வரியில்தான் கணக்கு உதைக்கிறது.

நான்கு மாதக் கோல்டன் ரெட்ரீவர் குட்டி வந்தால், நானும் உதவிக்கு இருக்கும் பையனும் சேர்ந்து பார்த்தாலும் இரண்டரை மணி நேரம் ஆகிவிடுகிறது. மயிரை உலர்த்தக் காற்றடிக்கும் புளோயரின் சத்தம் கேட்டதும் மிரண்டு மேசையின் ஓரத்துக்குப் போகிறது. ஒரு காலில் நகம் வெட்டி முடித்தால் அடுத்த காலைத் தர மறுக்கிறது. நடுவில் ஓய்வு கொடுத்துத்தான் தொடர வேண்டியிருக்கிறது. அதே வயது ராஜபாளையம் குட்டியோ முக்கால் மணி நேரத்தில் குளித்துத் துவட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே 500 ரூபாய் வாங்குகிறேன். ஏற்றலாம் என்று பேச்செடுத்தால், "குட்டிக்கே இவ்வளவா?" என்கிறார்கள்.

மாதச் செலவையும் சொல்லிவிடுகிறேன். வாடகை 6,000, மின்சாரம் 2,500, ஷாம்பு, துண்டு, சலவைக்கு 4,500, கத்தரி சாணைக்கும் இயந்திரத் தேய்மானத்துக்கும் 2,000, பையனுக்குச் சம்பளம் 9,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கு எனக்கு 20,000 ரூபாய் மிஞ்ச வேண்டும். மாதம் 25 நாள் திறக்கிறேன். துப்புரவும் சேர்த்து நாளுக்கு 5 மணி நேரம் வேலை ஓடுகிறது. கட்டணத்தை எடையை வைத்து முடிவுசெய்வதா, இனத்தை வைத்தா, நேரத்தை வைத்தா? குட்டிக்கு உரிய சலுகை எந்த வயதோடு நிற்க வேண்டும்? கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் வீட்டுக்கே வரச் சொல்கிறவர்களிடம் என்ன வாங்குவது?

பதில்: தேவகோட்டையிலிருந்து, இதே தொழில் செய்பவர்

தம்பி, நீங்கள் கொடுத்த கணக்கிலேயே விடை இருக்கிறது. செலவு 24,000, உங்கள் பங்கு 20,000, ஆக 44,000 ரூபாய். 25 நாளுக்கு 5 மணி நேரம் என்றால் 125 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 352 ரூபாய் வருகிறது. ராஜபாளையம் குட்டிக்கு முக்கால் மணியோடு, அது போனபின் மேசை கழுவி மயிர் அள்ளுவதற்குக் கால் மணி சேர்த்தால் ஒரு மணி நேரம், அதாவது 350 ரூபாய். கோல்டன் குட்டிக்கு இரண்டே முக்கால் மணி நேரம், அதாவது 968 ரூபாய். அதை 950 என்று வையுங்கள். ராஜபாளையம் வளர்ப்பவரிடம் 150 ரூபாய் கூடுதலாக வாங்கித்தான் இத்தனை நாள் கோல்டனின் குறையில் ஒரு பகுதியை ஈடுகட்டி வந்திருக்கிறீர்கள். ஒன்றைக் குறைத்து ஒன்றை ஏற்றிப் பலகையை மாற்றினால், கேட்பவர்களுக்கும் நியாயம் விளங்கும்.

எடை பெரிய அளவுகோல் அன்று. மயிர்தான் நேரத்தை விழுங்குகிறது. கோல்டனுக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் வெளிமயிருக்கு அடியில் பஞ்சு போன்ற உள்மயிர் உண்டு. மேலே கை வைத்தால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். விரல் நுனியை மயிருக்குள் செலுத்தித் தோலைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. காதின் பின்புறம், அக்குள், தொடையின் பின்பக்கம் ஆகிய மூன்று இடங்களிலும் அப்படிப் பார்க்காமல் அனுப்பினால், நம் ஊர்ப் புழுக்கத்தில் தோல் வெந்து புண் வைக்கும். ஆகவே நேரத்தை மிச்சப்படுத்த உலர்த்துவதைக் குறைக்கவே கூடாது. லாப்ரடாரின் மயிர் குட்டையாக இருந்தாலும் உள்மயிர் அடர்த்தியானது என்பதால், அதை ராஜபாளையத்தோடு சேர்க்காமல் நடுவில் ஒரு கட்டணம் வையுங்கள்.

சலுகை எப்போது முடிய வேண்டும் என்று கேட்டீர்கள். ஆறு மாதத்தை ஒட்டிக் குட்டி மயிர் உதிர்ந்து பெரிய மயிர் வரத் தொடங்கும்போது சீவும் வேலை ஒரேயடியாகக் கூடும். உடலும் பாதிக்கு மேல் வளர்ந்திருக்கும். அதனால் கோல்டனுக்கு ஆறு மாதம்வரை 950, ஒரு வயதுவரை 1,100, அதன்பின் உங்கள் 1,200 என்று படிப்படியாகப் போகலாம். சிக்கு இருந்தால் கால் மணிக்கு 90 ரூபாய் தனி என்பதையும் பலகையிலேயே எழுதுங்கள்.

பதில்: கானாடுகாத்தானிலிருந்து, கோல்டன் வளர்க்கும் ஆச்சி

தேவகோட்டைத் தம்பி சொன்ன கணக்கு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் கொடுக்கிற பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆயிரம் ரூபாய் என்பது எங்களுக்குப் பெரிய குறையாகத் தெரிவதில்லை. நாயை விடும்போது ஒரு தொகையும் எடுக்கும்போது வேறு தொகையும் சொன்னால்தான் மனம் கசக்கிறது. குட்டியை முதன்முறை கொண்டுவரும் அன்றே, ஆறு மாதத்தில் இவ்வளவு, ஒரு வயதில் இவ்வளவு என்று எழுதிய அட்டையைக் கையில் கொடுத்துவிட்டால், எட்டாம் மாதத்தில் யாரும் வாசலில் நின்று வாதாட மாட்டார்கள். சிக்குக்குத் தனிக் கட்டணம் என்றால், காதின் பின்புறத்தையும் தொடையையும் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; பார்த்துவிட்டுத் தொகையைச் சொல்லுங்கள்.

தை மாதத்திலும் கல்யாண முகூர்த்தங்களையொட்டியும் வெளியூரிலிருந்து எல்லாரும் வந்து வீட்டைத் திறக்கும்போது, ஒரே வாரத்தில் எல்லாரும் உங்களைக் கூப்பிடுவார்கள். அந்த வாரத்துக்கென்று விலையை ஏற்றாதீர்கள், அது நெடுநாள் நினைவில் நிற்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு வரிசைப்படி நாள் கொடுங்கள். வேலை முடிந்ததும், காது மடலுக்குள் உண்ணி இருந்தது, இடது பின்காலில் ஒரு நகம் பிளந்திருக்கிறது என்பதுபோல் கண்டதை நான்கு வரி எழுதிக் கொடுத்தால், அதற்காகவே மனமுவந்து திரும்பக் கூப்பிடுவோம். நாங்கள் ஊரில் இல்லாத நாள்களில் நாயைக் காவல்காரர் குடும்பம்தான் பார்த்துக்கொள்கிறது என்பதால், அந்த நான்கு வரி எனக்குப் பெரிய உதவி.

பதில்: பணி நிறைவு பெற்ற கால்நடை மருத்துவர்

கட்டணக் கணக்கில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், நான்கு மாதக் குட்டியை இரண்டரை மணி நேரம் தொடர்ந்து மேசையில் வைத்திருக்க வேண்டுமா என்பதை முதலில் யோசியுங்கள். இந்த வயதில் மிரண்டால் அந்தப் பயம் 30 கிலோ எடை வந்த பிறகும் உடன் வரும். அப்போது இரண்டு பேர் பிடித்தாலும் அடங்காது. எனவே முதல் வருகைகளைப் பழக்குவதற்கென்றே ஒதுக்குங்கள். முக்கால் மணி நேரம், லேசாகச் சீவுதல், பாதத்தைத் தொட்டுப் பிடித்துப் பழக்குதல், புளோயரைத் தூரத்தில் குறைந்த வேகத்தில் ஓடவிட்டுத் தீனி கொடுத்தல், முடிந்தால் இரண்டு நகம். துப்புரவோடு இதற்கும் ஒரு மணி நேரக் கட்டணமான 350 ரூபாய் போதும். இப்படிப் பழகிய குட்டி பின்னர் குறைந்த நேரத்தில் வேலையை முடிக்க விடும் என்று வீட்டாரிடம் சொன்னால், இந்த வருகைகளை வீண் செலவாக நினைக்க மாட்டார்கள்.

தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் எந்தக் குட்டியையும் கடைக்குள் விடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று பதினாறு வாரம்வரை போடும் ஊசிகள் முடிந்திருக்க வேண்டும். குட்டிகளுக்கு உயிருக்கே ஆபத்தான வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும், சோப்புத் தண்ணீருக்குச் சாகாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். இந்தச் செலவும் நேரமும் உங்கள் 352 ரூபாய்க்குள் வந்தாக வேண்டும்.

சலுகை என்ற பெயரில் உண்ணி மருந்துக் குளியலைச் சேர்த்துக் கொடுப்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அமிட்ராஸ் கலந்த மருந்து நான்கு மாதம் நிறையாத குட்டிக்கு ஆகாது. அதற்கு மேற்பட்ட வயதிலும் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கோடையில் "மொட்டை அடித்துவிடுங்கள், வெயில் தாங்கவில்லை" என்று கேட்பார்கள். உள்மயிர் உள்ள இனங்களுக்கு மொட்டையடித்தால் வெயில் நேரே தோலில் படும், மயிரும் சீராகத் திரும்பி வளராமல் போகலாம். அதற்குக் கட்டணமே வைக்காதீர்கள், செய்வதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

கேட்டவர் மீண்டும்

தேவகோட்டை அண்ணனுக்கும் ஆச்சிக்கும் டாக்டர் ஐயாவுக்கும் மிக்க நன்றி. ராஜபாளையம் குட்டிக்கு 350, லாப்ரடார் குட்டிக்கு 600, கோல்டனுக்கு 950, பழக்கும் வருகைக்கு 350 என்று மாற்றி எழுதப் போகிறேன். அட்டையும் அச்சடிக்கக் கொடுக்கிறேன். வீட்டுக்குப் போய்ச் செய்வதைப் பற்றி மட்டும் தெளிவு வேண்டும். ஊசி முடியாத குட்டி என்பதாலேயே பலர் வீட்டுக்கு அழைக்கிறார்கள்.

பதில்: தேவகோட்டையிலிருந்து

போக வர ஆகும் நேரமும் வேலை நேரம்தான், தம்பி. கானாடுகாத்தானுக்குப் போய்வர ஒரு மணி நேரம் என்றால், வேலைக்கான கட்டணத்தோடு 350 ரூபாயும் பெட்ரோல் செலவும் தனியாக வாங்குங்கள். அதே தெருவில் இரண்டு வீடு சேர்ந்தால் அதைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊசி முடியாத குட்டி என்றால் காலையில் முதல் வேலையாகப் போங்கள், அந்த வீட்டுத் துண்டையும் சீப்பையுமே பயன்படுத்துங்கள், முந்தைய நாள் உடுத்திய உடையோடு போகாதீர்கள். தொற்றை நாமே சுமந்துபோய்விடக் கூடாது. முழுக் குளியல் வேண்டாம், பழக்கும் வேலை மட்டும் போதும்.

வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய வளவில் வைத்துச் செய்யச் சொன்னால், ஆத்தங்குடிக் கல் தரை ஈரம் பட்டதும் வழுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பெரிய இனக் குட்டிகளின் இடுப்பு மூட்டு இறுக ஓராண்டுக்கு மேல் ஆகும், கால் பரப்பி விழுவது அதற்கு நல்லதன்று. ஒரு ரப்பர் பாயைச் சுருட்டி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கென்று வீட்டாரிடம் தனிக் கட்டணம் எதுவும் வாங்க வேண்டாம்.