சிக்கன் கடையிலேயே பாட்டு அறையும் இருந்தால் என்ன?

வைகைக்கரை (சுவோன்):
போன மாதம் அம்மா மதுரையிலிருந்து இங்கே கொரியாவுக்கு வந்தார். ஒரு சனிக்கிழமை மாலை சுவோனில் பல்தால் கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் தொங்தாக் தெருவுக்குக் கூட்டிப் போனோம். முழுக் கோழியைப் பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டுப் பொரிக்கும் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. அம்மாவுக்குக் கோழி பிடித்தது. கூடவே தரும் வெள்ளை முள்ளங்கித் துண்டுகள் அதைவிடப் பிடித்தன, மூன்று கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்து நொரேபாங், அதாவது அறை எடுத்து மைக் பிடித்துப் பாடும் இடத்துக்குப் போகலாம் என்று கிளம்பினோம். ரெண்டு சந்து தள்ளி இருந்தது, தரைக்குக் கீழே. செங்குத்தான படிகள், ஒரு பக்கம்கூடக் கைப்பிடி இல்லை. அம்மாவுக்கு மூட்டு வலி. முதல் படியில் நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க போய்ப் பாடிட்டு வாங்கப்பா, நான் இங்கயே நிக்கிறேன்" என்றார். யாரும் இறங்கவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டோம். என் அம்மா நன்றாகப் பாடுவார். அதுதான் இன்னும் மனசில் நிற்கிறது.

நியூஜெர்சியில் படித்த காலத்தில் மன்ஹாட்டன் 32ஆம் தெருவில் இருக்கும் கொரியக் கடைகளுக்குப் போவோம். அங்கே பாட்டு அறைக்குள்ளேயே சிக்கன் தட்டு வரும், பீர் வரும், மைக்கும் இருக்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாடிவிட்டு எழுந்து வரலாம். ஊரே சிக்கனும் பாட்டுமாக இருக்கும் கொரியாவில் ஏன் அப்படி வைக்கக்கூடாது? வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டாம்சுற்று (சியோல்):
அம்மா விஷயம் படித்ததும் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் நீங்கள் கேட்பதை நான் ஏற்க மாட்டேன். பதினொரு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் சட்டம். நொரேபாங்குக்கு இங்கே அரசு வைத்திருக்கும் பெயர் 'பாட்டுப் பயிற்சி இடம்'. அந்த உரிமத்தில் மது விற்கக்கூடாது. மதுவும் விற்று, பாடவும் விட வேண்டுமென்றால் அது டான்ரான்ஜுஜோம் என்ற வேறு உரிமம். அங்கே சின்னப் பிள்ளைகளை உள்ளே விடவே மாட்டார்கள். ஆக நீங்கள் கேட்கும் கடை இங்கே இல்லாமல் இல்லை. ஆனால் குடும்பத்தோடு போகிற இடமாக அது வளரவில்லை. குடித்துவிட்டுப் பாட வருபவர்களுக்குப் 'பேச்சுத் துணை' என்று பெண்களைக் கூலிக்குக் கூட்டி வந்து உட்கார வைக்கும் வழக்கம் நொரேபாங்குகளுக்குள்ளேயே புகுந்து, அதைத் தடுக்கத் தனியாகச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. இந்தப் பின்னணி தெரியாமல் நியூயார்க்கைக் கொண்டுவந்து இங்கே ஒட்ட முடியாது.

சட்டத்தைவிட எனக்கு முக்கியம் அடுத்த விஷயம். அலுவலக விருந்துக்கு, அதாவது ஹ்வேஷிக்குக்குப் போயிருப்பீர்கள். முதல் சுற்று இல்ச்சா, கறியோ சிக்கனோ. இரண்டாவது இச்சா, பெரும்பாலும் நொரேபாங். இந்த இரண்டுக்கும் நடுவில் கடை வாசலில் ஒரு பத்து நிமிஷம் இருக்கிறது பாருங்கள். கோட்டு மாட்டுகிறார்கள், சிலர் சிகரெட் பற்றவைக்கிறார்கள், மேலாளர் உள்ளே கம்பெனி கார்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குப் போக நினைப்பவன் அப்போதுதான் நழுவ முடியும். "ரயிலுக்கு நேரமாச்சு" என்று சொல்லிக் குனிந்து கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டலாம். பாட்டையும் சிக்கனையும் ஒரே கூரைக்குள் போட்டால் அந்த வாசல் போய்விடும். உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான்.

தயிர்சாதம் (தேஜோன்):
நான் சைவம், குடிப்பதும் இல்லை. எங்கள் லேபில் சிமேக் என்றால், அதாவது சிக்கனும் மேக்ஜு என்ற பீரும், எனக்கு முள்ளங்கியும் சைடரும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். (இங்கே சைடர் என்றால் எலுமிச்சை சோடா, புதிதாக வருபவர்கள் பயப்பட வேண்டாம்.) தொக்போக்கி என்ற காரமான அரிசிக் கேக் சாப்பிடலாமே என்பார்கள். அதன் குழம்பில் மீன் கேக்கும் நெத்திலிச் சாறும் இருக்கும், அதுவும் ஆகாது. ரெண்டு மணி நேரம் கோழி எலும்புக் குவியலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது எனக்கு உண்மையிலேயே சிரமம்.

ஆனால் நொரேபாங் எனக்கு உயிர். இப்போதெல்லாம் "நேரா இச்சாவுக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிடுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டும் சேர்ந்துவிட்டால் நான் எங்கே போவேன்? அதனால் தனித்தனியாகவே இருக்கட்டும்.

வைகைக்கரை (சுவோன்):
இரண்டாம்சுற்று அண்ணா, அந்தச் சட்டம் எதற்காக வந்தது என்பது புரிகிறது. ஆனால் நீங்கள் பேசுவது முழுக்க அலுவலகத்துக்காரர்களைப் பற்றி. நான் கேட்பது குடும்பத்துக்கு. நொரேபாங் 1991இல் பூசானில் தொடங்கியபோது அது சாராயக் கடையாகவா தொடங்கியது? காசு போட்டுப் பாடும் இடமாகத்தான் தொடங்கியது. மது இல்லாமல், சிக்கன் மட்டும் உள்ளே வரட்டும். அதில் எந்தச் சட்டம் இடிக்கிறது?

அப்புறம் அந்த வாசல். ஜனவரியில் மைனஸ் பன்னிரண்டு டிகிரியில் நின்று பார்த்தீர்களா? போன குளிர்காலம் எங்கள் லேபில் ஒருவர் சிக்கன் கடையிலிருந்து நொரேபாங்குக்கு நடக்கும்போது பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். குடித்த கூட்டத்தைத் தெருவில் நடக்க விடுவதை ஒரு வசதி என்று என்னால் சொல்ல முடியாது. நழுவ வேண்டும் என்றால் "போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகும் உரிமை வேண்டும். அதற்காக நடுவில் ஒரு தெரு வேண்டும் என்பது சரியான வாதமாகப் படவில்லை.

தேகு மருமகள் (தேகு):
மது இல்லாத சிக்கன் அறைதானே என்று கேட்கிறீர்கள். சரி, சிக்கனின் பக்கத்திலிருந்து பேச ஒரு ஆள் வேண்டாமா? என் மாமனார் இங்கே இருபது வருஷம் சிக்கன் கடை நடத்தியவர். 1997 பணநெருக்கடியில் வேலை போய், கையில் வந்த பணத்தைப் போட்டு ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் அப்படி ஆரம்பித்தவர்கள் ஏராளம். கடை மூடும்வரை அடுப்படியில் நானும் நின்றிருக்கிறேன்.

இந்தக் கோழி சின்னது. கடைக்கு வருவது ஏறக்குறைய ஒரு கிலோ எடைதான், அதனால்தான் உள்ளே சீக்கிரம் வெந்துவிடும். மாவு மெலிசாகப் பூசி ஒரு தடவை பொரித்து எடுத்து வடிய விடுவோம். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் ஈரம் தோலுக்கு வந்து சேரும். மறுபடி எண்ணெயில் போட்டால் அந்த ஈரம் சடசடவென்று வெடித்து வெளியேறும். சத்தம் அடங்கி எண்ணெய் மெல்லக் கிசுகிசுக்கும்போது எடுக்க வேண்டும். மாமனார் கடிகாரம் பார்க்கவே மாட்டார், காதை அடுப்புப் பக்கம் சாய்த்து நிற்பார். அப்படி எடுத்த தோல் கண்ணாடி மாதிரி நொறுங்கும். நொறுங்கும் நேரம் கொஞ்சம்தான்.

இதைக் கொண்டுபோய், காற்றுப் போக வழியில்லாத, சத்தம் வெளியே போகாமல் பஞ்சு அடைத்த அறையில் வைத்தால் என்ன ஆகும்? ஒருத்தர் பாடுகிறார், மற்றவர்கள் டாம்பரின் தட்டுகிறார்கள், அடுத்தவர் பாட்டு எண்ணைத் தேடுகிறார். தட்டை யார் பார்க்கிறார்கள்? மூன்று பாட்டு முடிவதற்குள் கோழி தன் ஆவியிலேயே ஊறிவிடும். பூச்சு பூசிய யாங்னியோம் சிக்கன் என்றால் இன்னும் மோசம். கொச்சுஜாங் மிளகாய் விழுதும் பூண்டும் சர்க்கரைப் பாகும் விரல் முழுக்க ஒட்டும். அந்தக் கையோடு மைக்கைப் பிடிப்பார்கள், ரிமோட்டை அமுக்குவார்கள். அடுத்து வரும் குடும்பம் அதே மைக்கைத்தான் பிடிக்க வேண்டும்.

அந்த யாங்னியோமைச் செய்தது எங்கள் ஊர்க்காரர், யூன் ஜொங்கே. பொரித்த தோல் கெட்டியாகி வாயைக் கிழிக்கிறது என்று வாடிக்கையாளர்கள் சொன்னதால் இனிப்பும் காரமுமாக ஒரு பூச்சு கண்டுபிடித்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நீங்கள் சொன்ன முள்ளங்கியும் அவர் கொண்டுவந்ததுதான் என்பார்கள். தேகுவில் 2013இல் தொடங்கிய சிமேக் திருவிழா கோடையில் நடக்கிறது. ஒரு மனுஷன் சாப்பிடுகிறவர்களின் வாயைப் பார்த்துப் பார்த்துச் செய்த சாப்பாடு அது. அதைப் பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் சைடிஷ் ஆக்காதீர்கள்.

ரயில்முனை (இன்சியோன்):
நான் இங்கே வந்து இரண்டே வருஷம். இரண்டாம்சுற்று அண்ணா சொன்ன வாசலில் எனக்கு ஒரு தடவையும் நழுவ முடிந்ததில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பழைய இடத்தில் எங்கள் பேராசிரியர் கடை வாசலிலேயே தலை எண்ணுவார். சீனியர் ஒருவர் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வார். பை அவரிடம் இருந்தால் நான் போக மாட்டேன் இல்லையா? நொரேபாங்கில் பாடு பாடு என்பார்கள். கொரியப் பாட்டு எனக்குத் தெரியாது. நான் போன அறைகள் எதிலும் மெஷினில் தமிழ்ப் பாட்டு கிடைத்ததில்லை. ஆங்கிலப் பாட்டு ஒன்றைத் திக்கித் திக்கிப் பாடினேன், இடையிசை வந்ததும் யாரோ அதைத் தாண்டும் பொத்தானை அமுக்கிவிட்டார்கள், எனக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். மணி ஒன்று ஆகிவிட்டது, இன்சியோனுக்கு ரயில் இல்லை. டாக்சிக்கு இரவுக் கூடுதல் கட்டணம் வேறு. அந்த மாதம் ஊருக்கு அனுப்பும் பணத்தில் கை வைத்தேன்.

அதனால் எனக்கு ஒரே கூரையா ரெண்டு கூரையா என்பதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டாம்சுற்று (சியோல்):
தம்பி, உன் பையை அடுத்தவர் மாட்டிக்கொண்டதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று நான் எழுதியது தப்பு. எனக்குத் திறந்திருந்தது, நான் சீனியர் என்பதால்.

உனக்கும் இங்கே படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். கட்டாயப்படுத்திக் குடிக்க வைப்பது சட்டவிரோதம் என்று சியோல் உயர் நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது, மூன்று கோடி வான் (கொரியப் பணம்) இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. 2019 ஜூலையிலிருந்து வேலையிடத் துன்புறுத்தலுக்கு எதிராகத் தொழிலாளர் சட்டத்திலேயே பிரிவு இருக்கிறது. பெரிய கம்பெனிகள் 119 என்று வைத்தன: ஒரே வகை மது, ஒரே சுற்று, ஒன்பது மணிக்குள் முடிப்பது. மாணவர்களுக்குத் தொழிலாளர் சட்டம் அப்படியே பொருந்தாது, ஆனால் பல பல்கலைக்கழகங்களில் மனித உரிமை மையம் இருக்கிறது, அங்கே போகலாம். சியோலுக்குள் மாட்டிக்கொண்டால் 'N' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் போட்ட ஆந்தை பஸ் நள்ளிரவுக்கு மேலும் ஓடும். இன்சியோன்வரை வராதுதான்.

ஆனால் வைகைக்கரை, இதைப் படித்த பிறகும் ஒரே கூரை வேண்டும் என்பீர்களா? வாசலில் பையைப் பிடுங்குகிறவர்கள் கையில், வாசலே இல்லாத ஒரு கடையைக் கொடுப்பீர்களா?

தயிர்சாதம் (தேஜோன்):
ரயில்முனை தம்பி, பாட்டில் திக்கியதற்கு வெட்கப்படாதே. காயின் நொரேபாங்குக்குத் தனியாகப் போய்ப் பழகு. ஆயிரம் வான் நோட்டு ஒன்றைப் போட்டால் சில பாட்டு கிடைக்கும், அலமாரி அளவு அறை, உன்னைத் தவிர யாரும் கேட்க மாட்டார்கள். நான் ஆராய்ச்சி சரியாக வராத நாளெல்லாம் அங்கேதான் போய் நிற்பேன். தமிழ்ப் பாட்டுக்குக் கைப்பேசியில் பாட்டின் இசையை மட்டும் ஓட விட்டு, மெஷினில் ஏதாவது ஒரு பாட்டை மைக் உயிரோடு இருப்பதற்காக வைத்து, ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுப் பாடுவேன். முடிவில் நம் பாட்டுக்கு மெஷின் ஏதோ ஒரு மதிப்பெண் போட்டு எக்காளம் ஊதும். எனக்கு ஒரு தடவை 97 வந்தது, அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

வைகைக்கரை அண்ணா, காயின் கடைகளில் பல மாடியில் இருக்கும், லிப்ட் உள்ள கட்டடமாகப் பார்த்துப் போகலாமே?

வைகைக்கரை (சுவோன்):
ரயில்முனை தம்பி எழுதியதை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அலுவலகக் கூட்டத்துக்கு ஒரே கூரை வேண்டாம், அதை ஒத்துக்கொள்கிறேன். தேகு அக்கா சொன்ன ஆவி விஷயமும் சரி. மன்ஹாட்டனில் சாப்பிட்ட கோழி எப்படி இருந்தது என்று யோசித்தால் பாட்டுகள்தான் ஞாபகம் வருகின்றன, கோழி ஞாபகம் வரவில்லை.

ஆனால் படிக்கட்டை நான் விடமாட்டேன். வயசானவர்கள் இறங்க முடியாத இடத்தில் பாட்டை வைத்திருப்பது தப்புதான். இந்த ஊரில் எத்தனை பாட்டிகள் எத்தனை படிகளின் உச்சியில் நின்றுவிட்டுத் திரும்பியிருப்பார்கள்?

தயிர்சாதம் தங்கை சொன்னபடி நேற்று சாயங்காலம் சுவோன் ரயில் நிலையத்துப் பக்கம் ஐந்து கட்டடம் ஏறி இறங்கிப் பார்த்தேன். நான்காவதில் லிப்ட் இருக்கிறது, நொரேபாங் மூன்றாவது மாடி, உள்ளே தரை சமம், எட்டுப் பேர் உட்காரும் அறையும் உண்டு. அம்மா அடுத்த வியாழன்தான் ஊருக்குக் கிளம்புகிறார். இந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்குத் தொங்தாக் தெருவில் சாப்பாடு, அங்கிருந்து அம்மாவை டாக்சியில் கூட்டி வருகிறேன். ரயில்முனை, பத்தரைக்குள் உன்னை நானே ரயில் ஏற்றிவிடுகிறேன், பை உன் தோளிலேயே இருக்கட்டும். தயிர்சாதம் தங்கை ஏழரைக்கு நேராகப் பாட்டுக்கே வந்துவிடலாம்.