தாச்சியிலிருந்து கோப்பியை இறக்கும் நேரம்

உவர்மலை

கோப்பி என்றால் செத்தவீட்டுக்குரியது என்ற எண்ணம் எனக்கு நெடுநாள் இருந்தது. மற்ற நாட்களில் எங்கள் வீட்டில் தேநீர்தான். யாராவது தவறிப்போனால், விடியும்வரை விழித்திருப்பவர்களுக்காக முற்றத்து அடுப்பில் பெரிய கேத்தல் ஏறும். தூளும் சீனியும் அதற்குள்ளேயே விழும். இரவு முழுவதும் அது கொதித்துக்கொண்டே கிடக்கும். அந்தக் கசப்புத்தான் கோப்பியின் இயல்பு என்று நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையை மாற்றியவர் எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு வந்த ஒரு அக்கா. பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கணவரின் வேலையோடு திருகோணமலைக்கு வந்தவர். முதல் நாள் வீட்டுக்கு வந்தவருக்குக் கடைத்தூளைக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போய்த் திரும்பியபோது, தன் அம்மா வீட்டு வேலியோரத்தில் பறித்துக் காயவைத்துத் தோல் நீக்கிய கோப்பிக்கொட்டை ஒரு பை கொண்டுவந்தார். "தங்கச்சி, இரும்புத் தாச்சி இருந்தால் எடுங்கள்" என்றார்.

பச்சைக் கொட்டைக்குக் கோப்பி மணமே கிடையாது, காய்ந்த புல்லின் மணம்தான். முதலில் தட்டில் பரப்பி, கறுத்ததையும் பூச்சி துளைத்ததையும் பொறுக்கினோம். பிறகு நடுத்தர நெருப்பில் தாச்சி. அகப்பை ஒரு கணமும் நிற்கக் கூடாது. பச்சை மஞ்சளாகும்போது நெல் வறுக்கும் வாசம் வந்தது, அதன்பின் மண்ணிறம் ஏறியது. பத்து நிமிடம் தாண்டியதும் சோளம் பொரிவதுபோல் சடசடவென்று வெடிக்கத் தொடங்கியது. கொட்டைக்குள் அடைபட்ட நீராவி உடைத்துக்கொண்டு வெளியேறும் சத்தம் அது. ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் இது நிகழும்.

வெடிப்பு அடங்கும் தறுவாயில் அக்கா தாச்சியைத் தூக்கிவிட்டார். இன்னும் கொஞ்சம் கறுக்கட்டுமே என்றேன்.

"அடுப்பை அணைத்தாலும் கொட்டை தன் சூட்டிலேயே வேகும். நீங்கள் நினைக்கிற நிறத்துக்கு ஒரு படி முன்னே இறக்க வேண்டும், தங்கச்சி."

சொல்லிக்கொண்டே சுளகில் கொட்டிப் புடைத்தார். மெல்லிய தோல் உமிபோல் பறந்தது, சூடும் தணிந்தது. நிறுத்துப் பார்த்தேன். 500 கிராம் கொட்டை 420 கிராமாகக் குறைந்திருந்தது. என் அம்மாவுக்கு மல்லி இல்லாத கோப்பி கோப்பியே அல்ல என்பதால் 80 கிராம் கொத்தமல்லியும் ஒரு துண்டு வேர்க்கொம்பும் சேர்த்தோம். மல்லியைத் தனியாகத்தான் வறுக்க வேண்டும். கொட்டை பதத்துக்கு வருமுன்பே அது கருகிவிடும்.

அன்றே ஊற்றிக் குடிக்க ஆசை. அக்கா விடவில்லை. வறுத்தவுடன் கொட்டைக்குள் காபனீரொட்சைட்டு நிறைந்திருக்கும், ஓர் இரவாவது அது வெளியேற வேண்டும். மறுநாள் காலை உரலில் இடித்து அரித்தோம். 200 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 12 கிராம் தூள். கேத்தல் கொதித்ததும் இறக்கி அரை நிமிடம் பொறுத்து, தூள் நனையுமளவுக்கு மட்டும் முதலில் ஊற்றினார். தூள் நுரைத்து எழும்பியது. பிறகு மீதித் தண்ணீரையும் ஊற்றி நான்கு நிமிடம் மூடிவைத்தார். மேலே மிதந்ததைக் கரண்டியால் ஒருமுறை கலக்கி, மண்டி படியவிட்டு, அசைக்காமல் வடித்தார். தூளை அடுப்பில் வைத்துக் கொதிக்கவைக்கவே இல்லை. அம்மா பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார். நான் இனிப்பே இல்லாமல் குடித்தேன். வாழ்நாளில் அதுவே முதல்முறை.

ஒன்றை இங்கே எழுதாமலிருக்க மனம் வரவில்லை. அக்காவின் முன்னோர் இந்த நாட்டுக்குத் தேயிலைக்காக வரவில்லை, கோப்பிக்காக வந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியே மாத்தளைவரை கால்நடையாகப் போனவர்களில் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தார்கள். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அங்கே தேயிலை வந்தது. கோப்பிச் செடி வீட்டு வேலியோரங்களில் மிஞ்சியது. அந்த வேலியோரத்துக் கொட்டையைத்தான் நான் அன்று குடித்தேன்.

உங்கள் வீடுகளில் எப்படி என்று எழுதுங்கள்.

திருக்கடலூர்

எங்கள் அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா இரவு இரண்டு மணிக்கு எழுந்து கோப்பி வடித்துச் சுடுநீர்ப் போத்தலில் நிரப்பிக் கொடுப்பார். விடியும்போது அதைத் திறந்தால் புளிப்பும் கசப்புமாக இருக்கும் என்பார் அப்பா. சூடு குறையாமல் பல மணி நேரம் அடைத்து வைத்தாலும் கோப்பியின் சுவை கெட்டுவிடுகிறது. இப்போது போத்தலில் வெந்நீரை மட்டும் ஊற்றுகிறோம். தூளும் சீனியும் தனித்தனிச் சிறு டப்பாக்களில் போகின்றன. கரைக்குத் திரும்பும் வழியில் பேணியில் தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றி மூடி வைத்துவிடுகிறாராம். படகு ஆடுவதால் மண்டி முழுதாகப் படியாது. அதை அவர் பொருட்படுத்துவதில்லை.

நிலாவெளி

தண்ணீரைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எங்கள் கிணறு கடலுக்கு அருகில் இருக்கிறது. எவ்வளவு நல்ல தூளைப் போட்டாலும் கோப்பி மண்போலச் சப்பென்று இருந்தது. பழியைத் தூள்மேலேயே போட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஒரே தூளை மூன்று தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். கிணற்று நீரில் மணமும் மெல்லிய புளிப்பும் அமுங்கிப் போயின. கடினநீரில் கரைந்திருக்கும் உப்புகள் கோப்பியின் அமிலத்தைச் சமன்செய்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கும் என் மைத்துனர் விளக்கினார். மாரியில் பிடித்த மழைநீரில் புளிப்பு மிகுந்து, கோப்பி அடர்த்தி இல்லாமல் இருந்தது. குழாய்த் தண்ணீரை இரவு முழுவதும் மண்பானையில் திறந்து வைத்து, குளோரின் மணம் போனபின் கொதிக்கவைத்ததுதான் மூன்றிலும் சிறந்தது. கோப்பிக்கு மட்டுமென்று ஒரு சிறு பானை இப்போது எங்கள் குசினியில் இருக்கிறது.

மூதூர்

2022இல் எரிவாயு கிடைக்காத மாதங்களில் நாங்கள் முற்றத்து விறகடுப்புக்குத் திரும்பினோம். பால்மாவுக்கும் தட்டுப்பாடு. அப்போதுதான் எங்கள் உம்மா பால் இல்லாத இஞ்சிக் கோப்பிக்கு எங்களைப் பழக்கினார். விறகு நெருப்பில் வறுப்பது கடினம், தணல் ஏறியிறங்கும். முதல் இரண்டு தடவையும் பாதி கருகிப் பாதி பச்சையாக வந்தது. தணலைப் பரப்பிவிட்டு, ஒரு கைப்பிடி கொட்டையை மட்டும் போட்டு வறுத்தபோதுதான் சீராக வந்தது. எரிவாயு வந்தபின்னும் சிறுசிறு அளவாகவே வறுக்கிறோம். மாரி மழைக்காலத்தில் தூள் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடும் என்பதால் பத்து நாளைக்கு மேல் எங்கள் வீட்டில் தூள் இருக்காது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வியர்த்து நனைகிறது.

உவர்மலை

நிலாவெளி சொன்ன மண்பானையை நேற்றே செய்து பார்த்தேன். எங்கள் குழாய்த் தண்ணீரிலும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

போன வருடம் பெரியப்பா தவறினார். முற்றத்தில் அதே கேத்தல் ஏறியபோது, அதில் வெந்நீர் மட்டும் கொதிக்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். தூளைச் சட்டிகளில் போட்டு வெந்நீரை ஊற்றி மூடி, பதினைந்து பேருக்கு ஒரு தடவையாக வடித்தேன். விடிவதற்குள் வீட்டில் இருந்த 600 கிராம் தூளும் முடிந்திருந்தது. பெரியம்மா மட்டும் பழையபடி கொதிக்கவைத்ததைக் கேட்டார். அவருக்கு அப்படியே வைத்துக் கொடுத்தேன்.

அக்கா இப்போது பதுளைக்கே திரும்பிவிட்டார். கொட்டையைப் பச்சையாகவே பஸ்ஸில் அனுப்பிவைக்கிறார். எனக்கு இறக்கும் நேரம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. தொலைபேசியைத் தாச்சிக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, வெடிக்கும் சத்தத்தை அங்கிருந்தே கேட்கிறார். சத்தம் தளர்ந்ததும் "இப்போது இறக்குங்கள், தங்கச்சி" என்கிறார்.