லேப்டாப்பில் பாட்டு ரெக்கார்டு செய்ய எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ்? அவசர உதவி தேவை

சிட்டுக்குரல்:
வணக்கம். லேப்டாப்பில் பாடி ரெக்கார்டு செய்ய முயற்சி செய்கிறேன். மைக்கைச் சொருகிப் பாடினால் குரல் மிகச் சன்னமாக விழுகிறது, பின்னால் உஸ்ஸென்று இரைச்சல். ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடுகிறது. மைக்கையும் வாத்தியத்தையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டியை வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். தேடினால் ஃபோகஸ்ரைட், மோட்டு, ஆடியன்ட், பெரிங்கர் என்று ஏகப்பட்டது வருகிறது, ஒவ்வொன்றிலும் நாலைந்து மாதிரி. எதை வாங்கலாம்? வார இறுதிக்குள் ஒரு பாட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள், ப்ளீஸ்.

தந்திவடம்:
என்ன மைக்? மின்சாரம் இல்லாமலே ஓடும் டைனமிக்கா, மின்சாரம் கொடுத்தால்தான் ஓடும் கன்டென்சரா? அடியில் மூன்று முள் உள்ள எக்ஸ்எல்ஆர் இருக்கிறதா, யூஎஸ்பியா? லேப்டாப்பில் எந்தத் துளையில் சொருகினீர்கள்? விண்டோஸா, மேக்கா? குரல் மட்டும்தானா, கூடவே ஏதாவது வாத்தியமும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டுமா? இது தெரியாமல் மாதிரியின் பெயரைச் சொல்லிப் பயனில்லை.

இசைமழை:
ஸ்கார்லெட் 2ஐ2 வாங்குங்கள். இரண்டு மைக் சொருகலாம், யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். 4ஆம் தலைமுறையில் 69 டெசிபெல் வரை கெயின், அதாவது மைக் சிக்னலைப் பெருக்கும் அளவு, கிடைக்கிறது. பொத்தானை அழுத்திக் கொஞ்ச நேரம் பாடினால் கெயினைத் தானே அமைத்துக்கொள்ளும். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

மண்கம்பி:
இன்டர்ஃபேஸ் வாங்கும் முன் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஒருமுறை ரெக்கார்டு செய்து பாருங்கள். லேப்டாப்பில் வரும் இரைச்சலுக்கு முதல் சந்தேகம் எப்போதும் சார்ஜர்தான். எர்த் இணைப்பு இல்லாத இரண்டு முள் சார்ஜர் என்றால் கேட்கவே வேண்டாம்.

தந்திவடம்:
@மண்கம்பி, சார்ஜரால் வருவது பெரும்பாலும் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரமாக இருக்கும், அல்லது மவுஸை நகர்த்தும்போதும் திரை மாறும்போதும் சேர்ந்து மாறுகிற கீச்சொலியாக இருக்கும். இவர் சொல்வது சீரான உஸ். மைக்கிலிருந்து போதிய சிக்னல் வராமல் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பை முழுக்கத் திறந்துவைத்தால் வருவது அது. மைக் விவரம் வரட்டும்.

பழைய டேப்:
தம்பி, இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது. கேட்கும் முன் கொஞ்சம் தேடிப் படிக்கும் பழக்கம் வேண்டும். கேட்பதையும் முழுதாகக் கேட்க வேண்டும். ‘மைக்’ என்று மட்டும் எழுதினால் நாங்கள் என்னவென்று எடுத்துக்கொள்வது?

பெயர் தெரிந்த கம்பெனிகளின் நுழைவுநிலை இன்டர்ஃபேஸ்களுக்குள் ஒலித்தர வித்தியாசத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. பெரும்பாலானவை 24 பிட்டில் பதிவு செய்பவை. 24 பிட்டின் கோட்பாட்டளவு வீச்சு, அதாவது மிகச் சன்னமான ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி, 144 டெசிபெல். எந்த வீட்டு அறையின் சத்தமும் அதில் பாதியைத் தின்றுவிடும். வெறும் சுவருள்ள அறையில், மைக்கிலிருந்து மூன்றடி தள்ளி நின்று பாடிவிட்டு இன்டர்ஃபேஸைக் குறை சொல்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். முதலில் மைக்கிடம் ஒரு சாண் தூரத்துக்கு வாருங்கள்.

வில்லிசை:
தேடிப் படித்தால் தெரிந்துவிடும் என்று சொல்வது சுலபம், ஐயா. எதைத் தேட வேண்டும் என்பதே புதிதாக வருபவருக்குத் தெரியாது. நீங்கள் சொன்ன விஷயம் சரி, அதை இப்படிக் கடுகடுவென்று சொல்ல வேண்டியதில்லை.

உள்ளூறும் ஓசை:
கெயின் போதவில்லை, அவ்வளவுதான். மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் கிளவுட்லிஃப்டர் என்ற சின்னப் பெருக்கிப் பெட்டியைப் போட்டுவிடுங்கள், 25 டெசிபெல் வரை சுத்தமாக ஏற்றித் தரும். பிறகு எந்த இன்டர்ஃபேஸாக இருந்தாலும் கவலையில்லை.

வில்லிசை:
அவரிடம் இருப்பது கன்டென்சர் என்றால் அது வேலை செய்யாது. கிளவுட்லிஃப்டர் இன்டர்ஃபேஸ் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேன்டம் பவரைத் தானே எடுத்துக்கொள்ளும், மைக்குக்குக் கடத்தாது. கன்டென்சர் மைக் ஊமையாகிவிடும். ஷூர் எஸ்எம்7பி மாதிரி சன்னமான வெளியீடு உள்ள டைனமிக் மைக்குகளுக்குத்தான் அது பொருந்தும். எஸ்எம்7பிக்கு 60 டெசிபெல் கெயினாவது வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. கன்டென்சரின் வெளியீடு அதைவிட மிகவும் பலமானது, பலருக்கு 30, 40 டெசிபெலிலேயே போதுமான அளவு வந்துவிடும்.

உச்சஸ்தாயி:
ஒருவரும் முக்கியமானதைச் சொல்லவில்லையே. எதை வாங்கினாலும் 192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட், அதாவது விநாடிக்கு 1,92,000 முறை ஒலியை அளக்கும் வசதி, இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குறைந்தது 96இல் பதிவு செய்யுங்கள். 44.1இல் பதிவு செய்தால் குரலின் காற்றோட்டம் போய்விடும், பிறகு மென்பொருளில் எந்த எஃபெக்ட் பிளக்-இன் போட்டாலும் திரும்பி வராது.

பழைய டேப்:
இந்தக் கதையை இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள்? ஒரு அலையை முழுமையாகப் பிடிக்க அதன் அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சாம்பிள் எடுத்தால் போதும். 44.1இல் 22 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவாகிவிடுகிறது. மனிதக் காதின் எல்லை 20, வயதானால் அதுவும் குறையும். நீங்கள் சொல்லும் காற்றோட்டம் அந்த எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது, எங்கும் போகவில்லை.

உச்சஸ்தாயி:
கேட்கும் எல்லையை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். பதிவு செய்ததை வேகம் குறைத்தாலோ சுருதியைக் கீழே இறக்கினாலோ 20க்கு மேல் இருந்ததுதான் கேட்கும் இடத்துக்கு இறங்கி வரும். ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன், சாச்சுரேஷன் பிளக்-இன்கள் உருவாக்கும் மேல்சுரங்கள் குறைந்த சாம்பிள் ரேட்டில் மடங்கி உள்ளே வந்து விழும். அப்புறம், கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் பஃபர் 128 சாம்பிள் என்றால், 48இல் 2.67 மில்லி விநாடி, 96இல் 1.33தான். தாமதமும் பாதியாகிறது.

பழைய டேப்:
மடங்கி விழுவதைத் தடுக்கத்தான் நல்ல பிளக்-இன்களில், உள்ளே சாம்பிள் ரேட்டை ஏற்றிக்கொள்ளும் ஓவர்சாம்பிளிங் இருக்கிறது. வேகம் குறைத்தால் 20க்கு மேல் உள்ளது இறங்கி வரும் என்பது சரி, ஆனால் பாட்டுக்குப் பயன்படும் மைக்குகளில் பெரும்பாலானவை 20க்குமேல் சரிந்துவிடும். இறங்கி வர அங்கே என்ன இருக்கிறது? தாமதம் பாதியாகிறது, உண்மை. கூடவே பிராசஸர் மீதான பளு இரட்டிப்பாகிறது. சாதாரண லேப்டாப்பில் அது தாங்காமல் பட்பட்டென்று வெடிக்கும், பஃபரை மறுபடி ஏற்றுவீர்கள். என்ன மிச்சம்? 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்பி. 192இல் அதுவே 34க்கு மேல். இருபது டிராக் உள்ள பாட்டில் அதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

தந்திவடம்:
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள், நானும் வந்து படிக்கிறேன். கேட்டவர் எங்கே? @சிட்டுக்குரல், மைக் என்ன என்று சொல்லுங்கள்.

சிட்டுக்குரல்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். மைக்கில் மூன்று முள்தான். பெட்டியில் ‘கன்டென்சர்’ என்றும் ‘48 வோல்ட்’ என்றும் போட்டிருக்கிறது. கூடவே வந்த கேபிளின் மறுமுனையில் ஹெட்ஃபோன் மாதிரி சின்ன ஜாக் இருந்தது, அதை லேப்டாப்பில் ஹெட்ஃபோன் சொருகும் துளையில் போட்டேன். விண்டோஸ். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவேன், இரண்டும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும். கிட்டாரில் ஒலியைக் கேபிளில் அனுப்பும் பிக்கப் இருக்கிறது. சார்ஜரைக் கழற்றிப் பார்த்தேன், அதே உஸ்தான். ஒன்று மறந்துவிட்டேன், ஹெட்ஃபோனில் என் குரல் கொஞ்சம் தாமதமாகக் கேட்கிறது. அதுவும் சரியாகுமா?

தந்திவடம்:
இதில்தான் விடை இருக்கிறது. உங்கள் மைக் வேலை செய்ய 48 வோல்ட் வேண்டும். லேப்டாப்பின் ஹெட்செட் துளை தருவது இரண்டு மூன்று வோல்ட்தான். அதைக் கொண்டு மைக் அரைகுறையாக இயங்குகிறது, சிக்னல் போதவில்லை, நீங்கள் கூட்டக் கூட்ட லேப்டாப்பின் சொந்த ப்ரீஆம்ப் இரைகிறது. மைக்கில் குறையில்லை. அந்தக் கேபிளை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு முனையும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிள் ஒன்று வாங்குங்கள். 48 வோல்ட் பொத்தான் உள்ள எந்த இன்டர்ஃபேஸிலும் இந்த உஸ் அடங்கிவிடும்.

எது வாங்குவது என்பதைப் பெயரை வைத்து அல்லாமல், எதைச் சொருகப்போகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரு மைக், ஒரு கிட்டார் பிக்கப் என்றால் ஸ்கார்லெட் சோலோ வகையே போதும். அதில் மைக்குக்கு ஓர் உள்ளீடு, கிட்டாருக்கு ஒன்று, இரண்டும் தனித்தனி டிராக்காகப் பதிவாகும். ஆனால் நாளைக்கு கிட்டாருக்கும் ஒரு மைக் வைக்கத் தோன்றினால் சோலோவில் இடமில்லை. நான் இரண்டு மைக் உள்ளீடு உள்ளதைத்தான் சொல்வேன்: ஸ்கார்லெட் 2ஐ2, மோட்டு எம்2, ஆடியன்ட் ஈவோ 4, பெரிங்கர் யூஎம்சி202எச்டி, இதில் எதுவானாலும் உங்கள் வேலைக்குப் போதும். கைக்கு எது சீக்கிரம் கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

வில்லிசை:
கிட்டாரைச் சொருகும்போது ‘இன்ஸ்ட்ருமென்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்ற பொத்தானைக் கவனியுங்கள். கிட்டாருக்குள் 9 வோல்ட் பேட்டரி போடும் பிக்கப் என்றால் கீபோர்டு, மிக்சர் போன்றவற்றுக்கான லைன் உள்ளீட்டிலும் ஓடும். பேட்டரி இல்லாத பியெஸோ பிக்கப் என்றால் கட்டாயம் ஹை-இசட்தான். அங்கே உள்ளீட்டு இம்பீடன்ஸ் (மின்தடை) ஏறக்குறைய 1 மெகாஓம் இருக்கும். லைனில் அது சில பத்து கிலோஓமோ அதற்கும் குறைவோதான், சொருகினால் அடிச்சுரமெல்லாம் வற்றித் தகரம் மாதிரி ஒலிக்கும். பலர் இதைப் பிக்கப்பின் குறை என்று நினைத்துக் கிட்டாரையே மாற்றிவிடுகிறார்கள், பாவம்.

பழைய டேப்:
தாமதத்துக்கு வருகிறேன். விண்டோஸின் பொதுவான ஒலிப் பாதை ரெக்கார்டிங்குக்காக அமைந்ததல்ல. ஸ்டெய்ன்பெர்க் 1997இல் கொண்டுவந்த ஏசியோ என்ற வழி அதைத் தாண்டி நேராக இன்டர்ஃபேஸுடன் பேசும். ஆகவே கம்பெனியே தரும் ஏசியோ டிரைவர் உள்ள மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். ஏசியோ4ஆல் என்பது விண்டோஸின் டிரைவர் மேல் போர்த்திய ஒரு உறைதான், வேறு வழி இல்லாதபோது பயன்படுத்தலாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிளின் சொந்த ஒலி அமைப்பான கோர் ஆடியோ இருப்பதால் இந்தத் தலைவலி குறைவு.

பாடும்போது பஃபரை 128இல் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 512 வைத்தால் உள்ளே வர 10.7, வெளியே போக 10.7 மில்லி விநாடி, மேலே ஒலியை எண்ணாக மாற்றும் கன்வெர்ட்டரின் தாமதம் வேறு. குரல் பின்னால் இழுப்பது கட்டாயம் தெரியும். பாடி முடித்து மிக்ஸ் செய்யும்போது 1024கூட வைக்கலாம், அப்போது தாமதம் தொந்தரவு இல்லை.

இசைமழை:
இவ்வளவு தூரம் போக வேண்டாம். டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்தினால் குரல் கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும், தாமதமே தெரியாது. ரெக்கார்டிங் மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் குரல் இரண்டாகக் கேட்கும்.

வில்லிசை:
டைரக்ட் மானிட்டரில், எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் இல்லாமல் வறட்டுக் குரல்தான் கேட்கும். சிலருக்கு அப்படிப் பாட வராது, சுருதி விலகும். இரண்டையும் முயன்று பார்த்து எது பாடச் சுகமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கெயினை, உரக்கப் பாடும் இடத்தில் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கும்படி வையுங்கள். சிவப்பைத் தொட வேண்டியதில்லை, 24 பிட்டில் அதற்குத் தேவையில்லை. 48 வோல்ட்டைப் போடும்போதும் அணைக்கும்போதும் ஹெட்ஃபோன் ஒலியை முழுக்கக் குறைத்துவிடுங்கள், டப்பென்று காதில் அறையும்.

உச்சஸ்தாயி:
128க்குப் பதில் 96 கிலோஹெர்ட்ஸில்...

தந்திவடம்:
வேண்டாம், நண்பரே. அவருக்கு இப்போது 48 போதும். பாட்டு முடியட்டும்.

சிட்டுக்குரல்:
இரண்டு மைக் உள்ளீடு உள்ளது ஒன்று கிடைத்தது, வாங்கிவிட்டேன். எக்ஸ்எல்ஆர் கேபிளும் வாங்கினேன். 48 வோல்ட் போட்டதும் குரல் பளிச்சென்று வந்துவிட்டது, உஸ் போய்விட்டது. டைரக்ட் மானிட்டரில்தான் பாடினேன். கிட்டாரில் மட்டும் சார்ஜர் சொருகியிருக்கும்போது ‘ம்ம்ம்’ என்று வருகிறது, கம்பியைத் தொட்டால் குறைகிறது. அதனால் பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்து கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் மிக்க நன்றி.

மண்கம்பி:
இந்த ‘ம்ம்ம்’தான் சார்ஜர். நிரந்தரமாகத் தீர்க்க, எர்த் உள்ள மூன்று முள் சார்ஜர் உங்கள் லேப்டாப்புக்குக் கிடைத்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். தீரவில்லையென்றால் கிட்டாருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் கிட்டார் சிக்னலை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றபடி மாற்றும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பெட்டி ஒன்று. அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்ற பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் எர்த் சுற்று அறுபடும். டி.ஐ.யிலிருந்து வருவது எக்ஸ்எல்ஆர், அதனால் இரண்டாவது மைக் உள்ளீட்டில் சொருக வேண்டும். நல்லவேளை சோலோ வாங்கவில்லை. சார்ஜர் முள்ளில் எர்த்தை வெட்டிவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் செய்யாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

இசைமழை:
கடைசியில் எந்த மாதிரி வாங்கினீர்கள் என்று சொல்லவே இல்லையே?