கொடைக்கானல் பாதரசக் காணொளியை பி.எட். வகுப்பில் கையாள்வது எப்படி?

கேள்வி – விரிவுரையாளர், கல்வியியல் கல்லூரி

வணக்கம். கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் பாதரச மாசு குறித்து சோபியா அஷ்ரப் பாடி 2015-இல் வெளிவந்த ராப் காணொளியை அறிவியல் கற்பித்தல் வகுப்பில் திரையிட்டேன். பலத்த கைதட்டல். ஆனால் அதையொட்டிப் பாடக்குறிப்பு எழுதச் சொன்னபோது, சிலர் பாதரசத்தின் பண்புகளோடு நிறுத்திக்கொண்டனர். மற்றவர்கள் முழக்கங்களை எழுதி முடித்துவிட்டனர். அறிவியலையும் மக்கள் போராட்டத்தையும் ஒரே பாடத்தில் இணைக்க வழி உண்டா?

பதில் 1 – ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

அது பிரசாரப் பாடல். ஒரு தரப்பைத்தான் சொல்லும், அதில் தவறில்லை. முழுவதும் ஓடவிடாமல், குற்றச்சாட்டு வரும் இடத்தில் நிறுத்தி, "இதை எந்தச் சோதனையால் நிறுவுவீர்கள்?" என்று கேளுங்கள். பாதரசத்தின் கொதிநிலை ஏறத்தாழ 357 பாகை செல்சியஸ் என்று ஒப்பிக்கும் மாணவ ஆசிரியர், அறை வெப்பநிலையிலேயே அது ஆவியாகும் என்பதை அப்போதுதான் யோசிப்பார். 2001-இல் பழைய இரும்புக் கடையில் கிடந்த பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவை ஊர்மக்களும் ஆர்வலர்களும் அம்பலப்படுத்திய பிறகே ஆலை மூடப்பட்டது. ஆகவே சான்று திரட்டுவதே அங்கே போராட்டத்தின் முதல் வேலையாக இருந்தது. ஆலை வளாக மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற தூய்மைப்படுத்தும் அளவுகோலை ஆர்வலர்கள் எதிர்த்தார்கள் அல்லவா? அந்த எண்ணை யார், யாருக்காக முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விக்கு ஆய்வகம் மட்டும் விடை தராது. வகுப்பின் பெரும்பகுதி நேரத்தை அங்கே செலவிடலாம்.

பதில் 2 – சுற்றுச்சூழல் கல்விப் பயிற்றுநர்

ஓர் எச்சரிக்கை. பாதரசப் பாதிப்பு தொடர்பாக 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் உடன்பாடு கண்டதால், காணொளிதான் வென்றது என்று மாணவர்கள் எளிதில் முடிவு கட்டிவிடுவார்கள். தொழிலாளர்கள் 2006-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியிருந்தனர். அந்தக் கால வரிசையைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரையிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பள்ளிக் கற்பித்தல் பயிற்சியின்போது மாணவ ஆசிரியர்களையே உள்ளூர் நீர்நிலை பற்றிப் படமெடுக்கச் சொல்லலாமா?

பதில் 1 – ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

தாராளமாக. மாணவர் முகம் தெரிவதானால் தலைமை ஆசிரியர், பெற்றோர் இசைவு வேண்டும். இன்னொன்று: டி.டி.எஸ். மீட்டரை ஏரி நீரில் நனைத்து, "பாருங்கள், நஞ்சு" என்று கேமராவுக்குக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது மின்கடத்து திறனைக் கொண்டு கரைந்த உப்புகளைத் தோராயமாகக் கணிக்கும் கருவி. பாதரசம் உண்டா இல்லையா என்று அது சொல்லாது. அந்தக் காட்சியைப் படத்தொகுப்பின்போதே நீக்கச் சொல்லுங்கள்.