சீரிஸ் குறுங்கோளில் ஒரு சண்டை: வீட்டிலேயே செய்த மேசைப்போர் ஆட்டங்கள், உங்கள் அனுபவம் என்ன?

ஆறுமுகப்பகடை

மேசையில் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் ஆட்டங்களின் வெளிநாட்டுப் பெட்டிகள் விலை கட்டுப்படியாகாமல் சொந்தமாக விண்வெளிப் போர் ஆட்டம் செய்ய இறங்கியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். எல்லோரும் பெயின்ட் அடித்த பொம்மைகளைத்தான் காட்டுகிறோம். ஆட்டத்தை எப்படி யோசித்தோம், எங்கே முட்டிக்கொண்டு நின்றோம் என்று யாரும் எழுதுவதில்லை. நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்குச் சிக்கல் தூரத்தில் வந்தது. 28 மி.மீ. உயரப் பொம்மை என்றால் ஏறக்குறைய 1:56 அளவு, அதாவது நிஜத்தில் 56-ல் ஒரு பங்கு. நான்கடி மேசை 122 செ.மீ. அதை 56-ஆல் பெருக்கினால் 68 மீட்டர். மொத்தப் போர்க்களமும் ஒரு பெரிய கல்யாண மண்டபத்து வளாகத்துக்குள் அடங்கிவிடும். துப்பாக்கி எட்டும் தூரம் 24 அங்குலம் என்று எல்லோரையும் போல நானும் எழுதி வைத்திருந்தேன். கணக்குப் போட்டால் அது 34 மீட்டர். இன்றைய ரைஃபிளே சில நூறு மீட்டர் குறி வைக்கும்போது, முந்நூறு வருடம் கழித்து வரும் துப்பாக்கி 34 மீட்டரில் மூச்சு வாங்குமா? "ஆட்டத்துக்காக அப்படித்தான்" என்று நண்பர்கள் சொன்னார்கள். சரிதான், ஆனால் உறுத்தல் போகவில்லை.

அதனால் களத்தையே மாற்றினேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் குறுங்கோள் சீரிஸ். விட்டம் சுமார் 940 கி.மீ., ஈர்ப்பு பூமியில் 3 சதவீதம்கூட இல்லை. அங்கிருந்து ஒரு பொருள் தப்பித்துப் போக நொடிக்கு அரை கிலோமீட்டர் வேகம் போதும். ரைஃபிள் குண்டு அதைவிட வேகமாகவே கிளம்பும், தடுக்கக் காற்றும் கிடையாது. ஆக, சுட்ட குண்டு கீழே விழவே விழாது. ஆயுதங்களுக்கான தூரப் பட்டியலை முழுதாகக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே வரி எழுதினேன்: கண்ணுக்குத் தெரிந்தால் சுடலாம்.

அடுத்தது குதிப்பு. உடையின் எடையை விட்டுவிடுங்கள். பூமியில் அரை மீட்டர் எம்பும் கால் வலு சீரிஸில் 17 மீட்டர் உயரம் தூக்கும். சாய்வாகக் குதித்தால் 35 மீட்டர் தள்ளி இறங்கலாம், ஆனால் பதினைந்து நொடிக்கு மேல் அந்தரத்தில் தொங்க வேண்டும். 35 மீட்டரை 56-ஆல் வகுத்து அங்குலமாக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 24! துப்பாக்கியிலிருந்து தூக்கி எறிந்த எண் காலுக்கு வந்து சேர்ந்தது. விதி இதுதான்: 24 அங்குலம் வரை குதிக்கலாம், ஆனால் அடுத்த சுற்றில்தான் தரை தொடுவீர்கள். அதுவரை பொம்மை கம்பி ஸ்டாண்டில் நிற்கும், யார் வேண்டுமானாலும் சுடலாம்.

இதில் ஒரு வினை உண்டு. மேசையில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை தெரிந்தால் ஆட்டம் முதல் சுற்றிலேயே முடிந்துவிடும். எல்லாமே மறைப்புகளை நம்பித்தான் இருக்கிறது. அதில்தான் உங்கள் அனுபவம் வேண்டும்.

தெர்மோகோல் தங்கச்சி

அண்ணா, மறைப்புதான் என் துறை. பொம்மைக்கு முன்னால் மேசையைச் செய்யுங்கள் என்று நான் எல்லோரிடமும் கத்திக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை.

வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள் வரும் தெர்மோகோல் அச்சுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பள்ளமும் மேடும் வரிவரியாக, பிறக்கும்போதே விண்வெளி நிலையச் சுவர் மாதிரி இருக்கும். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து மேலே தடவி, ஈரம் காய்வதற்குள் சலித்த எம்-சாண்டைத் தூவுங்கள். காய்ந்ததும் தண்ணீரில் கரையும் சுவர் பிரைமர் ஒரு கோட். இந்தப் பூச்சு இல்லாமல் ஸ்பிரே பெயின்ட் பக்கம் போகக் கூடாது, அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். ஃபெவிக்விக்கும் அப்படியே. சூடான கம்பியால் வெட்டுகிறவர்கள் மொட்டை மாடியில் வைத்து வெட்டுங்கள், அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது.

நிறத்துக்கு வருவோம். சீரிஸ் என்றதும் நிலா மாதிரி வெளிர் சாம்பல் அடிக்கக் கை பரபரக்கும். அது அடர்ந்த நிறத் தரை, விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாது. கறுப்புக்குப் பக்கத்தில் நில்லுங்கள். டான் விண்கலம் 2015-ல் அங்கே போனபோது ஆக்கேட்டர் பள்ளத்தில் பளிச்சென்று வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன அல்லவா, அவை பெரும்பாலும் சோடியம் கார்பனேட், நம் சலவை சோடா. மேசையில் அதற்குக் கோலப்பொடி. கல்மாவில் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். அரிசிமாவு என்றால் போர்க்களத்துக்கு எறும்புப் படை வந்துவிடும்.

மறைப்பு எவ்வளவு வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை: ஒரு நூலை எடுத்து மேசையின் எந்த விளிம்பிலிருந்தும் எதிர் விளிம்புக்கு நேராக இழுங்கள். எதிலும் இடிக்காமல் போகும் பாதைகள் ஓரிரண்டு மட்டுமே இருக்க வேண்டும். அந்தப் பாதைகளைப் பிடிப்பதே சண்டையாகிவிடும்.

சோழிப்பை

மேசை பற்றிச் சொன்னதெல்லாம் சரி. நான் பகடைக்காரன், விதியில் ஒரு வெட்டு வெட்டச் சொல்வேன்.

சுட்டது பட்டதா என்று பார்க்கப் பகடையில் 4 அல்லது மேல் விழ வேண்டும். காயமா என்று மறுபடி 4 அல்லது மேல். பிறகு எதிராளி கவசத்துக்கு உருட்டி 5 அல்லது மேல் விழுந்தால் ஆள் தப்பினான், இல்லையென்றால் போனான். பல ஆட்டங்களில் இந்த வரிசைதான். பெருக்கிப் பாருங்கள்: 1/2 × 1/2 × 2/3 = 1/6. மூன்று தடவை உருட்டி வாங்கும் விடை, ஒரே தடவை உருட்டி 6 விழுந்தால் வரும் விடையேதான். பத்துப் பத்துப் பேர் மோதும் ஆட்டத்தில் இந்த வீண் உருட்டல்களுக்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

இன்னொரு விஷயம். எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் வெளியிட்ட பொம்மைப் போர் விதிகளில் சுடுவதற்குப் பகடையே கிடையாது. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியில் மரக்குச்சியைப் போட்டு நிஜமாகவே எதிரிப் பொம்மைகளை அடித்துச் சாய்ப்பார்கள். எதிர்காலக் கதைகளில் புகுந்து விளையாடிய மனிதருக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

வாஷர் வாத்தியார்

சோழிப்பை, கணக்கு சரி, முடிவு தப்பு. கவச உருட்டல் எதிராளி கையில் இருக்கிறதே, அதுதான் அதன் வேலை. நீங்கள் சுட்டுக்கொண்டே இருக்க அவர் போனை நோண்டிக்கொண்டிருந்தால் அது என்ன ஆட்டம்? தன் ஆளைக் காப்பாற்றத் தானே உருட்டும்போதுதான் மனுஷன் நாற்காலி நுனிக்கு வருகிறான். நடுவில் இருக்கிற காய உருட்டலை வேண்டுமானால் வெட்டுங்கள்.

பொம்மைக்காரர்களுக்கு ரெண்டு வார்த்தை. சீரிஸில் எல்லோரும் உடைக்குள் இருப்பதால் முகம் செதுக்கும் தலைவலி இல்லை. எம்-சீலைப் பிசைந்து உடம்பு, தலைக்கவசத்துக்குப் பாசிமணி, முதுகில் ஆக்சிஜன் உருளைக்கு ரீஃபில் குழாய்த் துண்டு. பொம்மை அச்சடிக்க ரெசின் 3D பிரின்டர் வைத்திருப்பவர்கள் கையுறை இல்லாமல் அந்தப் பிசினைத் தொட வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

அடித்தட்டுக்கு ஹார்டுவேர் கடையில் 25 மி.மீ. வாஷர் கேளுங்கள். 2011-ல் வந்த வடிவமைப்பில் உள்ள 2 ரூபாய் நாணயமும் அதே 25 மி.மீ. தான், காந்தத்திலும் ஒட்டும். பலகாரப் பெட்டிக்குள் காந்தத் தாள் ஒட்டினால் பஸ்ஸில் கொண்டுபோனாலும் பொம்மை சாயாது. ஆனால் காசை ஒட்டிவிட்டு டீக்கடையில் சில்லறைக்குத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆகவே வாஷர்.

ஸ்கார்பரோ பேஸ்மென்ற்

தம்பி ஆறுமுகப்பகடை, வாசிச்சனான், நல்லாயிருக்கு. தங்கச்சி சொன்ன தெர்மோகோலை ஊரில நாங்கள் ரெஜிஃபோம் எண்டுவம். இங்க கனடாவில வீட்டுச் சுவருக்குள்ள குளிருக்கு வைக்கிற பிங்க் ஃபோம் பலகை கிடைக்குது. உதிராது, கத்தியால வடிவா வெட்டலாம்.

நான் சொல்ல வந்தது வேற. நானும் மகனும் பேஸ்மென்ற்றில ஒரு சுரங்கக் கொலனி கட்டினனாங்கள். ரெண்டு கொம்பனிப் படை, நடுவில வீடுகள், தண்ணித் தாங்கி எல்லாம். அப்பா ஒருநாள் கீழ இறங்கி வந்தவர். அவர் வன்னியில கடைசி வரைக்கும் இருந்தவர். மேசையைக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டிட்டு, "வீடு கனக்கக் கிடக்கு, சனம் எங்க?" எண்டு கேட்டார். மகனுக்கு விளங்கேல்லை. எனக்கு விளங்கினது.

பிறகு சனத்தைச் செய்தம். மஞ்சள் தலைக்கவசம் போட்ட பொம்மையள், வீட்டுக்கு ரெண்டு பேர். ஒவ்வொரு சுற்று முடிவிலையும் ஒரு பகடை உருட்டி, விழுந்த எண்ணளவு அங்குலம் ஏதாவது ஒரு அடைப்புக் கதவைப் பாத்து ஓடுவினம். 1 விழுந்தால் பயத்தில உறைஞ்சு நிப்பினம். அவைக்குக் குறுக்கால சுட ஏலாது எண்டில்லை. சுடலாம். ஆனால் ஒரு ஆளுக்குப் பட்டால் சுட்ட பக்கம் தோல்வி, பேச்சுக்கு இடமில்லை.

ஆட்டம் தலைகீழா மாறிட்டுது. முந்தி நல்ல சூட்டுப் பாதையைப் பிடிச்சவன் வெண்டிடுவான். இப்ப அந்தப் பாதைக்குள்ளதான் சனம் ஓடுது. படையள் சுடுறதை விட்டிட்டு நகரப் பழகினது அதுக்குப் பிறகுதான். சனத்துக்கு உருட்டுறது இப்ப அப்பாவின்ர வேலை. எந்தக் கதவுக்கு ஓடுறது எண்டு தீர்மானிக்கிறதும் அவர்தான். ரெண்டு பக்கத்தின்ர திட்டத்தையும் குழப்பிப்போட்டுப் பேரனைப் பாத்துச் சிரிக்கிறார்.

ஆறுமுகப்பகடை

அண்ணா, உங்கள் அப்பா சொன்னதை அப்படியே என் விதியில் சேர்க்கிறேன். அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒன்று கேட்க வேண்டும்: சனம் எல்லோரும் கதவுக்குள் போய்விட்டால் பிறகு என்ன ஆகிறது? பழையபடி சூட்டுப் பாதைச் சண்டைதானா?

ஸ்கார்பரோ பேஸ்மென்ற்

ஓம் தம்பி. ஆனபடியால் தோத்துக்கொண்டிருக்கிற பக்கம் கதவுக்கு முன்னால போய் நிண்டு வழியை மறிக்கப் பாக்கும். அசிங்கமான வேலைதான், விதியில தடை போடேல்லை. அதைச் செய்யிற ஆளை அப்பா ஒரு பார்வை பாப்பார்.

நெல்லைச் சுரங்கம்

வழி மறிப்பு என்று வந்ததால் சொல்கிறேன். ரெண்டு பக்கமும் சம பலம் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் ஊர்ப்பக்கம் மண்டபத் திண்ணையில் செதுக்கி வைத்திருக்கும் ஆடுபுலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15. ஆடு யாரையும் வெட்டாது, புலியை நகரவிடாமல் அடைத்தால் ஜெயிப்பு. நான் அதைத்தான் விண்வெளிக்கு ஏற்றினேன். கவச எந்திர உடை போட்ட கம்பெனிக் காவலர்கள் 3 பேர், வேலைநிறுத்தத்தில் இருக்கும் சுரங்கத் தொழிலாளிகள் 15 பேர். தொழிலாளிகளிடம் ஆயுதம் இல்லை, கையில் வெல்டிங் கருவி மட்டும். சுற்றுக்கு ஒருவராகத்தான் மேசைக்குள் வர முடியும், ஆட்டை ஒவ்வொன்றாக இறக்குகிற மாதிரி. ஒரு காவலரைச் சுற்றி மூன்று பேர் தொட்டுக்கொண்டு நின்றால் உடை முடங்கும்.

ஆறுமுகப்பகடையின் குதிப்பு விதியைச் சேர்த்தபின் காவலர்கள் தாவித் தாவித் தப்பித்தார்கள். அதனால் குதிக்கிற காவலர் இறங்கும் இடத்தை முன்கூட்டியே குறிவில்லை வைத்துக் காட்ட வேண்டும் என்று ஆக்கினேன். அந்தரத்தில் திசை மாற்ற முடியாது என்பது இயற்பியலுக்கும் பொருந்துகிறது. தொழிலாளிகள் அங்கே போய்க் காத்திருப்பார்கள்.

எத்தனை பேர் நகர்வது என்பதற்குப் பகடை வேண்டாம். ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டை, தாயத்துக்கு உருட்டுவோமே, அதே பதம். நான்கைக் கையில் குலுக்கிப் போடுங்கள். வெள்ளை எத்தனையோ அத்தனை தொழிலாளிகள் நகரலாம், பிறகு ஒரு காவலர். ஒன்றுமே வெள்ளை விழாவிட்டால் எல்லா ஆடும் அசையாமல் நிற்க வேண்டும், புலிக்குக் கொண்டாட்டம்.

தெர்மோகோல் தங்கச்சி

நெல்லை அண்ணாச்சி, அந்த 15 பேரை நான் செய்து தருகிறேன். மேசை எத்தனை அடி என்று மட்டும் சொல்லுங்கள், நூல் இழுத்துப் பார்க்க வேண்டும்.