ரேடியேட்டர் விசிறியைத் திருகு இல்லாமல் கொக்கிகளால் மட்டும் பொருத்தலாமா?

கேள்வி:
விசிறியும் மோட்டாரும் சேர்ந்த பிளாஸ்டிக் கூட்டை, ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகளில் அழுத்திப் பூட்டும் கொக்கிகளால் பொருத்தும் வடிவமைப்பில் ஈடுபட்டுள்ளேன். மாதிரியைப் பொருத்தும்போதே இரண்டு கொக்கிகள் அடிப்பகுதியில் முறிந்துவிட்டன. கொக்கியின் நீளம் 10 மி.மீ., தடிமன் 2 மி.மீ., பூட்டும்போது முனை வளைந்து விலகும் தூரம் (வளைவு) 2 மி.மீ.; பொருள் 30 சதவீதக் கண்ணாடி இழை கலந்த நைலான். தடிமனைக் கூட்டினால் சரியாகுமா?

மறுமொழி 1:
கூட்டாதீர்கள், அது நிலைமையை மோசமாக்கும். ஒரு முனை பிடிக்கப்பட்ட கொக்கியின் அடியில் தோன்றும் திரிபு (பொருள் தன் நீளத்தில் எத்தனை சதவீதம் இழுபடுகிறது என்பது), தடிமனையும் வளைவையும் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுத்து, 1.5 மடங்காக்கினால் கிடைக்கும். உங்கள் அளவுகளுக்கு அது 6 சதவீதம். இழை கலந்த நைலான் அதைத் தாங்காது. நீளத்தை 20 மி.மீ. ஆக்கினால் 1.5 சதவீதமாகக் குறைந்துவிடும். அடிமூலையைக் கூர்மையாக விடாமல் வளைவாக அமையுங்கள்.

மறுமொழி 2:
மேற்கண்ட கணக்குடன் உடன்படுகிறேன். அச்சிலிருந்து எடுத்தவுடன் உலர்ந்திருக்கும் நைலான், காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பின்னரே இளகும் என்பதால், மாதிரியை எந்த நிலையில் சோதித்தீர்கள் என்பதும் முக்கியம்.

எனக்குப் பெரிய கவலை எடையைப் பற்றியது. மோட்டாரின் எடையும் சாலை அதிர்வும் கொக்கிகளின் மேல் விழவே கூடாது. கூட்டின் கீழ்நாக்குகள் தொட்டியின் பள்ளங்களில் அமர்ந்து எடையைச் சுமக்க, மேலுள்ள கொக்கிகள் கூடு பின்னோக்கிச் சாயாமல் தடுத்தால் போதும். பூட்டிய பின் கொக்கி வளைந்த நிலையிலேயே நின்றால், குளிர்விப்பு நீரின் வெப்பத்தில் நாளடைவில் பிடி தளர்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சோதித்தவை உலர்ந்த மாதிரிகளே. ஒரு பக்கப் பள்ளத்தை நீள்வடிவமாக்கி, ரேடியேட்டர் சூட்டில் விரிவதற்கும் இடம் விடுகிறேன்.