செர்ரித் தோட்ட ஹெலிகாப்டரும் நம்மூர் ட்ரோனும்

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

செர்ரி மரங்களை உரசுகிற மாதிரி ஹெலிகாப்டர் பறக்கும் வீடியோவை மஸ்கட் அண்ணன் நம் சங்கக் குழுவில் போட்டு, "மருந்தடிக்க இவ்வளவு தாழ வரணுமா? அதான் விழுந்து சாகிறார்கள்" என்று எழுதியிருந்தார். நான் இருப்பது அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பக்கம். ஜூன், ஜூலையில் மழை பெய்த மறுநாள் காலை எங்களை எழுப்புவது இந்தச் சத்தம்தான். அதனால் நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, அது மருந்தடிப்பதில்லை, ஈரம் உதறுவது. பழுத்து நிற்கும் செர்ரியில் மழை பெய்தால் காம்புக் குழியில் தண்ணீர் தேங்கும். உள்ளே சர்க்கரை அதிகம் என்பதால் பழம் தோல் வழியாகத் தண்ணீரை இழுத்து, உப்பி வெடித்துவிடும். வெடித்த பழம் சந்தைக்குப் போகாது. அதிலும் ரெய்னியர் என்ற ரகம், 1952-ல் பக்கத்து ப்ராசரில் உருவாக்கியது, விலை கூடுதல், தோலோ மெல்லிசு. மழை விட்டதும் ஹெலிகாப்டரை வரவழைத்து, மர உச்சிக்குச் சற்று மேலே வரிசை வரிசையாக மெதுவாக ஓட்டி, விசிறிக் காற்றாலேயே தண்ணீரைத் தட்டிவிடுகிறார்கள்.

சிக்கலே இதில்தான். வெயில் நாளில் இந்த வேலை கிடையாது. மற்ற பைலட்டுகள் வானிலை கெட்டால் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கலாம். ஈரம் உதறும் பைலட்டுக்கு வானிலை கெட்டால்தான் அழைப்பே வரும். மேகம் தாழ்ந்திருக்கும், ஈர மண்ணிலிருந்து பனிமூட்டம் எழும், கண்ணாடியில் உள்ளே ஆவியும் வெளியே துளியும் படியும். சிறிய ஹெலிகாப்டர்கள் பலவற்றில் வைப்பர்கூடக் கிடையாது. அமெரிக்க விதிப்படி, கட்டுப்பாட்டு மையத்தின் கண்காணிப்பில் வராத வான்வெளியில் தரைக்கு அருகே பகலில் பறக்கும் ஹெலிகாப்டருக்கு அரை மைல் தெரிந்தால் போதும். தோட்டக்காரரோ கீழே நின்று பழத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். "கொஞ்சம் தெளியட்டும், பிறகு வருகிறேன்" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

மூடுபனி, ஹெலிகாப்டர் என்றதும் நமக்கெல்லாம் 2021 டிசம்பர் 8, குன்னூர்தான் நினைவுக்கு வரும். 14 பேர் போன விபத்து. வானிலை திடீரென்று மாறி, மேகத்துக்குள் நுழைந்து, பைலட்டுக்கு நிலையுணர்வு, அதாவது மேல் எது கீழ் எது என்ற உணர்வு, தப்பியதாக விசாரணையில் சொன்னார்கள். தோட்டத்தில் நடப்பது பெரும்பாலும் வேறு வகை. பைலட்டுக்குத் தரை தெரியும், மரம் தெரியும், கீழே நிற்கும் ஆள்கூடத் தெரியும். குறுக்கே போகும் ஒற்றை மின்கம்பி மட்டும் தெரியாது. சாம்பல் வானத்தில் சாம்பல் கம்பி எப்படித் தெரியும்? அதனால்தான் அனுபவசாலிகள் கம்பியைத் தேடுவதில்லை, கம்பத்தைத் தேடுவார்கள். இரண்டு கம்பம் கண்ணில் பட்டால் நடுவே கம்பி இருப்பதாகவே வைத்துக்கொள்வார்கள். மூடுபனியில் அந்தக் கம்பமே மறைந்துவிட்டால்? சில ஹெலிகாப்டர்களின் மூக்கிலும் கூரையிலும் கம்பி வெட்டும் கத்தி பொருத்தியிருக்கும். ஆனால் கம்பி அறுபட ஓரளவு வேகம் வேண்டும். ஈரம் உதறுகிறவர் ஊர்ந்து போகிறவர். எஞ்சின் நின்றாலும் இதே கதிதான்: விசிறியைக் காற்றில் சுழலவிட்டு மெல்ல இறங்க, உயரமோ வேகமோ கையில் இருக்க வேண்டும், இவரிடம் இரண்டும் இல்லை.

2013-ல் மட்டும் அமெரிக்காவில் விவசாயப் பறத்தல் தொடர்பாக 78 விபத்துகள். இது விமானமும் சேர்ந்த கணக்கு. அதையெல்லாம் ஆராய்ந்து விபத்து விசாரணை வாரியம் 2014-ல் தனி அறிக்கையே வெளியிட்டது. பைலட்டின் களைப்பைப் பற்றியும் அதில் பேசியிருக்கிறார்கள். அண்ணன் நினைப்பதுபோல முரட்டுத் துணிச்சல் மட்டும் காரணமில்லை.

அப்புறம், இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், சங்கப் பணத்தில் ஊருக்கு மருந்தடிக்கும் ட்ரோன் வாங்கித் தரலாம் என்ற பேச்சு ஓடுகிறதே, அதற்காகத்தான். நல்ல யோசனை, ஆள் யாரும் மேலே உட்காரப் போவதில்லை. ஆனால் நம்மூர் வயலில் போர் மோட்டாருக்குப் போகும் கம்பிகள் எப்படித் தொய்ந்து கிடக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். மார்கழிக் காலையில் ஓட்டுகிற பையனுக்கு வரப்பே தெரியாது. கம்பியில் ட்ரோன் மாட்டி அது அறுந்து விழுந்தால், கீழே தண்ணீரில் நிற்பது நம் சனம்.

ஊரில் இருக்கும் தம்பிகள் யாராவது ஒரு முறை வயல் முழுக்க நடந்து, எந்தெந்தக் கம்பி எங்கே, எவ்வளவு தாழ்வாகப் போகிறது என்று படம் வரைந்து அனுப்புங்கள். ஓட்டப்போகிற ஆளுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் எடுக்கும் செலவையும் மதிப்பீட்டில் சேருங்கள். பனி இருக்கும்போது பறக்கவிடக் கூடாது என்பதை மினிட்டில் எழுதிவிட்டால் என் பங்குப் பணத்தை உடனே அனுப்பிவிடுகிறேன்.